பகுதிநேர இராணுவ விமானிகளின் மருத்துவத் தகுதி: அமெரிக்க நடைமுறை

அமெரிக்காவில் பயணிகள் விமான நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே இராணுவத்திலும் பகுதிநேரமாக விமானம் ஓட்டுகிறவர்கள் பலர் உள்ளனர். ஏர் நேஷனல் கார்டு எனப்படும் தேசியக் காவல் வான்படை, விமானப்படை ரிசர்வ், கடற்படை ரிசர்வ் போன்ற அமைப்புகளில் இவர்கள் பணியாற்றுகிறார்கள். மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் இரண்டு வாரம் என்பது இந்தப் பகுதிநேரச் சேவையின் பொதுக் கணக்கு. விமானிகள் தங்கள் பறத்தல் பயிற்சியை இழக்காமல் இருக்க இதைவிடக் கூடுதலான நாட்கள் செல்ல வேண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை போயிங் 737 ஓட்டியவர் சனிக்கிழமை எஃப்-16 அல்லது சி-130 ஓட்டுவது அங்கே புதுமையான செய்தி அல்ல.

இப்படிப்பட்ட விமானிக்கு உடல் ஒன்று, மருத்துவப் பரிசோதனை இரண்டு. ஒன்று எஃப்.ஏ.ஏ. என்னும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கானது. மற்றது அவர் சேர்ந்துள்ள படைக்கானது. இரண்டுக்கும் விதிகள் வேறு, மருத்துவர் வேறு, படிவம் வேறு. ஒன்றில் தேறினால் மற்றதிலும் தேறியதாக ஆகாது. இந்த இரட்டை ஏற்பாடு எப்படி வந்தது, எப்படி இயங்குகிறது, எங்கே சிக்கல் எழுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏன் இரண்டு பரிசோதனை?

1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கைதான் உலக விமானப் போக்குவரத்து விதிகளுக்கு அடிப்படை. அதன் மூன்றாம் பிரிவு, இந்த உடன்படிக்கை குடிமை விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்றும், இராணுவம், சுங்கம், காவல்துறை ஆகியவற்றின் விமானங்கள் அரசு விமானங்கள் என்றும் பிரித்துவிடுகிறது. விமானிகளுக்கான பன்னாட்டு மருத்துவத் தரங்கள் இந்த உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் உள்ளன. ஆகவே இராணுவ விமானம் ஓட்டுவதற்கு எஃப்.ஏ.ஏ. மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. யார் ஓட்டலாம் என்பதைப் படையே முடிவு செய்கிறது.

ஆனால் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. முதல் உலகப் போரின்போது விமானிகளின் உடல்நிலையைக் கவனிப்பதற்கென்றே தனி மருத்துவர்களை அமெரிக்க இராணுவம் பயிற்றுவித்தது. பிளைட் சர்ஜன் என்ற பெயர் 1918 வாக்கில் வழக்குக்கு வந்தது. பெயரில் சர்ஜன் இருந்தாலும் அறுவை சிகிச்சைக்கும் இவருக்கும் தொடர்பில்லை. 1926-இல் அமெரிக்க அரசு குடிமை விமானத்துறையை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவந்தபோது, அதன் முதல் மருத்துவ இயக்குநராக வந்த லூயிஸ் பாவர் இராணுவத்தில் பிளைட் சர்ஜனாக இருந்தவர்தான். குடிமை விமானிகளுக்கான முதல் மருத்துவத் தரங்கள் அவர் பொறுப்பில் உருவாயின. பிறகு இரண்டும் தனித்தனிப் பாதையில் வளர்ந்தன.

நம் நாட்டில் நிலைமை சற்று வேறு. வணிக விமானி ஆக விரும்பும் பிள்ளைகள் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனைக்காகப் பெங்களூரில் உள்ள இந்திய விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்துக்குச் செல்வதை நாம் அறிவோம். இங்கே குடிமை விமானியையும் படை மருத்துவர் பார்க்கிறார். அமெரிக்காவில் அப்படி இல்லை.

எஃப்.ஏ.ஏ. பரிசோதனை

எஃப்.ஏ.ஏ. மருத்துவச் சான்றிதழில் மூன்று வகுப்புகள் உண்டு. பெரிய பயணிகள் விமானத்தின் கேப்டனுக்கு முதல் வகுப்புச் சான்றிதழ் கட்டாயம். வணிக விமானியின் மற்ற பணிகளுக்கு இரண்டாம் வகுப்பு போதும். பொழுதுபோக்காக ஓட்டுகிறவருக்கு மூன்றாம் வகுப்பு. பயணிகள் விமானத்தின் துணை விமானிக்குச் சட்டப்படி பொதுவாக இரண்டாம் வகுப்பே போதும் என்றாலும், அவர் 60 வயதைக் கடந்துவிட்டாலோ, மூன்று விமானிகள் தேவைப்படும் நீண்ட பன்னாட்டுப் பயணத்தில் பணியாற்றினாலோ முதல் வகுப்பு வேண்டும்.

முதல் வகுப்புச் சான்றிதழ் 40 வயதுக்குட்பட்டவருக்கு 12 மாதங்களும், 40 நிறைந்தவருக்கு 6 மாதங்களும் செல்லும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காலம் முடிந்ததும் சான்றிதழ் செத்துப்போவதில்லை. ஒரு படி இறங்குகிறது. 45 வயதுள்ள ஒருவர் மார்ச் 10 அன்று பரிசோதனை செய்துகொண்டால், செப்டம்பர் 30 வரை அது முதல் வகுப்பு. அதன்பின் அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை இரண்டாம் வகுப்பு. அதற்கும் அடுத்த மார்ச் 31 வரை மூன்றாம் வகுப்பு. எந்த நாளில் பரிசோதித்தாலும் மாதக் கடைசி வரை செல்லும் என்பதால், மாதத்தின் முதல் வாரத்தில் போகிறவருக்கு மூன்று வாரம் இலாபம்.

பரிசோதனை செய்பவர் எஃப்.ஏ.ஏ. நியமித்த தனியார் மருத்துவர். விமானி முதலில் இணையத்தில் தன் உடல்நல வரலாற்றைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு மருத்துவர் பார்க்கிறார். தூரப்பார்வை ஒவ்வொரு கண்ணிலும் கண்ணாடியுடனோ இல்லாமலோ 20/20 இருக்க வேண்டும். இது நாம் 6/6 என்று சொல்வதேதான். அவர்கள் 20 அடியில் அளக்கிறார்கள், நாம் 6 மீட்டரில் அளக்கிறோம். கிட்டப்பார்வை 16 அங்குலத்தில் 20/40. வயது 50 ஆகிவிட்டால் 32 அங்குல இடைத்தூரப் பார்வையும் பார்க்கப்படும். விமானியின் முன்னுள்ள கருவிப் பலகை ஏறத்தாழ அந்தத் தொலைவில்தான் இருக்கிறது. காது கேட்கும் திறனுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அமைதியான அறையில் மருத்துவருக்கு முதுகைக் காட்டி 6 அடி தொலைவில் நின்று, சாதாரணக் குரலில் அவர் பேசுவது புரிந்தால் போதும். முதல் வகுப்புக்கு 35 வயது கடந்த முதல் பரிசோதனையில் ஒருமுறையும், 40-க்குப் பிறகு ஆண்டுதோறும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

மாரடைப்பு, வலிப்பு நோய், இருமுனை மனநோய், மருந்தால் கட்டுப்படுத்த வேண்டிய நீரிழிவு, நிரந்தர இதயமுடுக்கி, போதைப் பழக்க அடிமை நிலை உள்ளிட்ட 15 நிலைகள் தகுதியிழப்புக்குரியவை என்று விதியிலேயே எழுதப்பட்டுள்ளன. இவற்றில் ஒன்று இருந்தால் பரிசோதகரே சான்றிதழ் தர முடியாது. ஆனாலும் கதவு முழுவதும் மூடுவதில்லை. கூடுதல் சோதனைகளின் பேரில், கால வரம்புடன் எஃப்.ஏ.ஏ. சிறப்பு அனுமதி தரலாம். இதயத் தமனி அடைப்புக்குச் சிகிச்சை பெற்றபின் மீண்டும் பயணிகள் விமானம் ஓட்டுகிறவர்கள் இந்த வழியில் வந்தவர்கள்.

படையின் பரிசோதனை

படையில் இது ஆண்டுக்கொருமுறை நடக்கும் சடங்கு மட்டும் அல்ல, தொடர்ந்த கண்காணிப்பு. ஆண்டுதோறும் உடல்நல மதிப்பீடும் பறத்தலுக்கான பரிசோதனையும் உண்டு. விமானப்படையில் பயிற்சிக்குத் தேர்வாகும்போது ஒரு தரமும், பயிற்சி பெற்ற விமானிக்கு வேறொரு தரமும் வைத்துள்ளார்கள். நுழைவாயில் குறுகலானது, உள்ளே வந்தவரை, நாட்டின் பணம் செலவிட்டுப் பயிற்றுவித்துவிட்ட காரணத்தால், இயன்றவரை தக்கவைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். தரத்துக்குக் குறைந்தவருக்கு விலக்கு அளிக்கும் முறையும் உண்டு. விமானத்தின் வகைக்கேற்ப விலக்கு மாறும். புவியீர்ப்பைப் போல் எட்டு ஒன்பது மடங்கு விசையைத் தாங்கவேண்டிய போர் விமானத்துக்குக் கிடைக்காத விலக்கு, சரக்கு விமானத்துக்குக் கிடைக்கலாம். கழுத்து, முதுகெலும்பு, வெளியேற்று இருக்கையில் அமர ஏற்ற உடல் அளவு ஆகியவை எல்லாம் இங்கே கணக்கில் வரும். எஃப்.ஏ.ஏ. பரிசோதனையில் வெளியேற்று இருக்கைக்கேற்ற உடல் அளவைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிளைட் சர்ஜன் படைப்பிரிவிலேயே இருப்பவர். விமானிகளுடன் சேர்ந்து பறப்பதும் அவர் பணியின் ஒரு பகுதி. விமானி பறக்கத் தகுதியானவரா இல்லையா என்பதை டி.டி. 2992 என்ற படிவத்தில் அவர் எழுதிக் கொடுக்கிறார். தகுதியில்லை என்றால் விமானப்படை வழக்கில் அதற்கு ‘டினிஃப்’ என்று பெயர்; பறத்தல் தவிர்த்த பணிகள் என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். வீட்டுக்குப் போ என்று பொருளல்ல. அலுவலக வேலை, பயிற்சித் திட்டமிடல் எல்லாம் செய்யலாம், விமானத்தில் ஏறக்கூடாது.

சளி பிடித்த விமானியை வைத்து இரண்டு முறைகளின் வேறுபாட்டைப் புரிந்துகொள்ளலாம். மூக்கடைத்த நிலையில் பறந்தால், விமானம் இறங்கும்போது காதிலும் முகக்குழிகளிலும் காற்றழுத்தம் சமன்படாமல் கடும் வலி வரும். செவிப்பறை கிழியவும் கூடும். குடிமை விமானத்துறையில் இந்த முடிவு விமானியுடையது. மருத்துவத் தகுதிக்குக் குறைவு வந்துவிட்டது என்று தெரிந்தால் அவர் தானே விலகியிருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. சரியானதும் தானே பணிக்குத் திரும்பலாம். படையிலோ, டினிஃப் ஆனவர் தனக்குச் சரியாகிவிட்டது என்று தானே சொல்லிக்கொண்டு விமானத்தில் ஏற முடியாது. பிளைட் சர்ஜன் மீண்டும் பார்த்து எழுதித் தர வேண்டும். மது அருந்தியபின் காத்திருக்க வேண்டிய நேரத்திலும் இப்படியே. எஃப்.ஏ.ஏ. விதிப்படி 8 மணி நேரம், விமானப்படையில் 12.

ஒன்று மற்றதற்கு ஈடாகுமா?

ஒரே ஒரு இடத்தில் ஆகும். படையின் நடப்பு மருத்துவத் தகுதியைக் காட்டும் இராணுவ விமானி, மூன்றாம் வகுப்புச் சான்றிதழுக்கு மேல் தேவைப்படாத குடிமைப் பறத்தலை அதைக் கொண்டே செய்யலாம் என்று எஃப்.ஏ.ஏ. விதி இடமளிக்கிறது. அதாவது ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சிறிய செஸ்னா ஓட்டலாம். சம்பளத்துக்குப் பயணிகள் விமானம் ஓட்ட இது உதவாது. ஒலியைவிட வேகமான போர் விமானத்தைத் தனியாக ஓட்டத் தகுதி பெற்றவர், அதே தகுதியைக் காட்டி 150 பேரை ஏற்றிச் செல்ல முடியாது என்பது முதலில் வேடிக்கையாகத் தோன்றும். போர் விமானியிடம் படை எதிர்பார்ப்பது வேறு, பயணச்சீட்டு வாங்கியவர்களுக்காக அரசு எதிர்பார்ப்பது வேறு என்று பார்த்தால் புரியும்.

மறுதிசையில் எந்த ஈடும் இல்லை. எஃப்.ஏ.ஏ. முதல் வகுப்பு கையில் இருந்தாலும் படையின் பரிசோதனைக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

ஒரு பக்கத்துச் செய்தி மறுபக்கம் போக வேண்டும்

பகுதிநேர விமானி ஆண்டின் பெரும்பகுதி சாதாரணக் குடிமகனாக வாழ்கிறார். உடல்நிலை சரியில்லை என்றால் ஊரில் உள்ள குடும்ப மருத்துவரிடம்தான் போவார். முழுநேர வீரரைப் போல் படை மருத்துவமனை அவருக்கு அடுத்த தெருவில் இல்லை. ஆகவே வெளி மருத்துவர் தந்த சிகிச்சையையும் மருந்தையும் பிளைட் சர்ஜனிடம் தெரிவிப்பது அவர் கடமை. அதுபோலவே எஃப்.ஏ.ஏ. படிவம் கடந்த மூன்று ஆண்டுகளில் பார்த்த மருத்துவர்கள் அனைவரையும் கேட்கிறது. படை மருத்துவரைப் பார்த்ததும் இதில் அடக்கம். மருத்துவக் காரணத்தால் படையால் நிராகரிக்கப்பட்டதுண்டா, படையிலிருந்து விடுவிக்கப்பட்டதுண்டா என்ற கேள்விகளும் உண்டு.

சிறுநீரகக் கல் வந்த விமானியை எடுத்துக்கொள்வோம். படைப் பயிற்சியின்போது வலி வந்து டினிஃப் ஆகிறார். இதனால் எஃப்.ஏ.ஏ. சான்றிதழ் தானாக இரத்தாவதில்லை. அதில் உள்ள தேதியும் மாறுவதில்லை. ஆனால் பறக்கும்போது மீண்டும் வலி வரலாம் என்பது அவருக்கு இப்போது தெரியும். தெரிந்தபின் திங்கட்கிழமை பயணிகள் விமானத்தில் அமர்ந்தால் அது விதிமீறல். சட்டைப்பையில் செல்லுபடியாகும் காகிதம் இருக்கிறது என்ற வாதம் நிற்காது.

மருந்து விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரியது. நீண்ட போர்ப் பறத்தல்களில் தூக்கத்தைத் தள்ளிப்போட, பிளைட் சர்ஜனின் மேற்பார்வையில் தூண்டு மருந்துகளை அமெரிக்க விமானப்படை பயன்படுத்தியுள்ளது. குடிமை விமானிக்கு ஆம்ஃபெட்டமின் வகை மருந்துக்கு அனுமதி இல்லை. விமான நிறுவனப் பணியாளர்களுக்கான போதைப்பொருள் சோதனையிலும் அது தேடப்படும் பொருள். 2002 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் காந்தகார் அருகே, இல்லினாய் தேசியக் காவல் வான்படையைச் சேர்ந்த இரண்டு எஃப்-16 விமானிகள் தொடர்புடைய தாக்குதலில் நான்கு கனடிய வீரர்கள் உயிரிழந்தனர். தூண்டு மருந்தின் பாதிப்பு என்று விமானிகளின் வழக்கறிஞர்கள் வாதிட்டபோதுதான் இந்தப் பழக்கம் பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரியவந்தது. அவ்விருவரில் ஒருவர் குடிமை வாழ்வில் பயணிகள் விமானி.

மனச்சோர்வு மருந்துகளைப் பொறுத்தவரை, 2010-இல் எஃப்.ஏ.ஏ. தன் பழைய தடையைத் தளர்த்தியது. ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின், சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம் ஆகிய நான்கில் ஒன்றை எடுத்துக்கொள்பவர் நிபந்தனைகளுடன் சிறப்பு அனுமதி கோரலாம் என்றானது. படைக்கு அதன் சொந்த விலக்கு விதிகள். ஒரு பக்கம் கிடைத்த அனுமதி மறுபக்கத்தைக் கட்டுப்படுத்தாது.

உடற்குறை உதவித்தொகைச் சிக்கல்

இந்த இரட்டை ஏற்பாட்டில் மிகுந்த மனவேதனையை உண்டாக்கியது இதுதான். படைச் சேவையால் உண்டான உடற்குறைகளுக்கு, முன்னாள் வீரர் நலத்துறை மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் இருந்ததால் வரும் காது இரைச்சல் அதில் மிகப் பரவலானது. முதுகுவலி, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, போருக்குப் பிந்தைய மன அழுத்தம் ஆகியவையும் அடிக்கடி வருபவை. முழுநேரச் சேவையை முடித்துக்கொண்டு பகுதிநேரத்துக்கு மாறும் விமானிகளும் இதற்கு விண்ணப்பிக்கிறார்கள். படைப் பயிற்சிச் சம்பளம் பெறும் நாட்களுக்கு உதவித்தொகையையும் சேர்த்துப் பெற முடியாது. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

சிக்கல் படிவங்களின் இயல்பில் இருக்கிறது. நலத்துறையின் படிவம், இருக்கும் உபாதைகளை எல்லாம் சொல்லச் சொல்கிறது. சொன்னால் தொகை கூடும். எஃப்.ஏ.ஏ. படிவமும் அதையேதான் கேட்கிறது. சொன்னால் வேலைக்கு ஆபத்து வரலாம். எந்த மனிதனுக்கும் இது ஒரு சோதனை. பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடக்கும்போது, கண்ணாடி போட்டுவிடுவார்கள் என்று பயந்து, முன்னால் நிற்கும் பிள்ளை படிப்பதைக் கேட்டுப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பயம் எந்த வயதிலும் ஒன்றுதான்.

2005-இல் வடக்குக் கலிஃபோர்னியாவில் அரசு, சமூகப் பாதுகாப்புத் துறையின் உதவித்தொகைப் பட்டியலையும் விமானிகளின் மருத்துவப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து நாற்பதுபேர் அளவில் வழக்குத் தொடர்ந்தது. அவர்களில் ஒருவர், தன் நோய் விவரத்தை ஒரு துறை மற்றொரு துறைக்குக் கொடுத்தது தனியுரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மன வேதனைக்காக மட்டும் அரசிடம் இழப்பீடு கோர அச்சட்டத்தில் இடமில்லை என்று 2012-இல் தீர்ப்பானது. உதவித்தொகை பெறுகிறீர்களா என்ற நேரடிக் கேள்வி இன்று படிவத்திலேயே இருக்கிறது.

2023-இல் இது பெரிய அளவில் மீண்டும் எழுந்தது. முன்னாள் வீரர் நலத்துறையின் உதவித்தொகை பெற்றுக்கொண்டு, அதற்குரிய நிலைமையை எஃப்.ஏ.ஏ. படிவத்தில் சொல்லாமல் விட்டதாக ஏறத்தாழ 4,800 விமானிகளின் பதிவுகள் ஆய்வுக்குள்ளாயின. சுமார் 60 பேர் மட்டும் ஆய்வு முடியும்வரை பறப்பதை நிறுத்தும்படி சொல்லப்பட்டனர். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காது இரைச்சலைச் சொல்லியிருந்தாலே பெரும்பாலும் சான்றிதழ் கிடைத்திருக்கும். நோயைவிட மறைத்ததே பெரிய ஆபத்தாகிறது. தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறையும் 250,000 டாலர் வரை அபராதமும் விதிக்கப்படலாம். மருத்துவச் சான்றிதழ் மட்டுமின்றி விமானி உரிமமே பறிபோகலாம்.

ஒன்றை இழந்தால்

படையில் தகுதி இழந்தவர் பயணிகள் விமானம் ஓட்டுவதைத் தொடரலாம், எஃப்.ஏ.ஏ. தரம் நிறைவேறும் வரை. கழுத்து எலும்பில் தேய்மானத்தால் போர் விமானத்தை விட்டவர்கள் பலர் இப்படித்தான். பகுதிநேரப் படை ஓய்வூதியத்துக்குத் தகுதியான 20 ஆண்டுச் சேவை வேண்டும்; அது வழக்கமாக 60 வயதில்தான் கைக்கு வரும். உடல்நிலையால் இடையில் விலக நேர்ந்தவருக்கு, 15 ஆண்டு நிறைந்திருந்தால் சட்டத்தில் ஒரு வழி உண்டு.

எதிர்மாறானது கடுமையானது. வார இறுதிப் படைப் பயிற்சியில் அடிபட்டு முதல் வகுப்புச் சான்றிதழை இழந்தால், குடும்பத்தின் முக்கிய வருமானமே நின்றுபோகும். அடி கடமையின்போது ஏற்பட்டது என்று படை முறைப்படி பதிவு செய்திருந்தால் மட்டுமே சிகிச்சைக்கும் இழந்த குடிமை வருமானத்துக்கும் ஈடு கேட்க முடியும். அந்த ஈட்டுத்தொகைக்கும், அவருடைய பதவிக்குரிய முழுநேரச் சம்பளமே உச்சவரம்பு. ஆகவே சிறிய அடி என்று நினைத்து ஞாயிறு மாலை பதிவு செய்யாமல் வீடு திரும்புவது தவறு. வேலையைப் பொறுத்தவரை, 1994-ஆம் ஆண்டின் வேலைப் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. படைச் சேவைக்காகச் சென்றவரின் இடத்தையும் பணிமூப்பையும் விமான நிறுவனம் காக்க வேண்டும். சேவையில் காயப்பட்டுக் குணமடைகிறவருக்குப் பணிக்குத் திரும்பப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

வயது வரம்பும் இரு பக்கமும் வேறு. பயணிகள் விமானிக்கு 60 ஆக இருந்த வரம்பு 2007 டிசம்பரில் 65 ஆக உயர்ந்தது. படையில் அதற்கு வெகு முன்பே பெரும்பாலோர் பறத்தலிலிருந்து ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். அதன்பின் அவர்களுக்கு ஆண்டில் எஞ்சுவது ஆறு மாதத்துக்கொருமுறை வரும் எஃப்.ஏ.ஏ. பரிசோதனை ஒன்றுதான்.